மலையில் அரை நாள் என்று ஒன்று இல்லை

பகுதி நேர ஆசிரியர் என்றதும், வாரத்தில் சில மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு மீதி நேரத்தில் வேறு வேலை பார்ப்பவர் என்றே நமக்குத் தோன்றுகிறது. நகரப் பள்ளிகளில் இது ஓரளவு பொருந்தலாம். ஜவ்வாது மலையில் பொருந்தாது.

இந்தப் பணியிடங்கள் உருவானதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் பயிலும் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதி நேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. அதன்படி, 2011-இல் முதல்வர் ஜெயலலிதா அறிவித்த 16,549 பணியிடங்கள் 2012 மார்ச் முதல் நிரப்பப்பட்டன. வாரத்துக்கு மூன்று அரை நாள்கள், மாதத்துக்குப் பன்னிரண்டு, தொகுப்பூதியம் ரூ.5,000. அது 2014-இல் 7,000, 2017-இல் 7,700, 2021-இல் 10,000, 2024-இல் 12,500 ரூபாய் என உயர்ந்தது. அப்போது மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்பதால், 12,500 ரூபாய் என்பதை ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்தால் மாதம் ரூ.11,458 மட்டுமே வந்தது. ஒருவர் நான்கு பள்ளிகள் வரை பணியாற்றலாம் என்ற வாய்ப்பும் தொடக்கத்தில் சொல்லப்பட்டது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது.

கணக்குப் போடுபவர்கள், அரை நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறதே என்பார்கள். அவர்கள் ஒரு முறை போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பேருந்தில் ஏறிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. பாதிக்கு மேல் வளைவுகள். அங்கிருந்து உள்ளூர்ப் பள்ளிகளுக்குச் செல்ல வேறு வண்டி வேண்டும். பேருந்துகளோ விரல்விட்டு எண்ணத் தக்கவை. பிற்பகல் வகுப்புக்கு வருபவர் காலைப் பேருந்திலேயே புறப்பட்டாக வேண்டும். காலை வகுப்பை முடித்தவர் திரும்பும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அரை நாள் வேலைக்கு முழு நாள் கரைகிறது. ஜமுனாமரத்தூரில் நான் சந்தித்த பகுதி நேர ஆசிரியர்கள் சிலர், ஊதியத்தைவிட முதலில் பேசியது பேருந்தைப் பற்றித்தான்.

மீதி நாள்களில் வேறு வேலை பார்க்கலாமே என்ற வாதமும் நிலைக்காது. விளையாட்டுப் போட்டி, பள்ளி விழா, தேர்வுப் பணி என்று தலைமையாசிரியர் அழைத்தால் போகத்தான் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை என்று ஆணை சொன்னாலும், உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவரும் அதே ஆசிரியரிடம்தான் வந்து நிற்பார். கபடி அணிக்கு வகுப்பு வரம்பு ஏது? இப்படி எந்த நாளில் அழைப்பு வரும் என்று தெரியாதவரை நிரந்தர வேலைக்கு யார் எடுத்துக்கொள்வார்?

ஆனாலும் அவர்களுள் பலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருக்கிறார்கள். பணிநிறைவு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறது என்பதுதான் சிக்கல். மலையாளி பழங்குடியினர் வாழும் இந்த ஊர்களில் சாமையும் புளியும் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்கிறார்கள்; சற்று வளர்ந்த பையன்களும் உடன் செல்கிறார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கி, பள்ளிப் படியேறத் தயங்கும் ஒரு பையனை விளையாட்டுத் திடலோ, தையல் எந்திரமோ, வண்ணப்பெட்டியோ பிடித்து நிறுத்துவது உண்டு. அந்தப் பாடவேளையைத்தான் தேர்வு நெருங்கும்போது மற்ற பாடங்களுக்கு முதலில் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஆசிரியரைத்தான் ஆண்டுக்கணக்கில் மே மாதத்தில் சம்பளம் இல்லாமல் அனுப்பினோம்.

பணி நிரந்தரம் எளிதன்று என்பதை நான் மறுக்கவில்லை. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்புகள் குறுக்கே நிற்கின்றன. ஆனால் அதே நீதிமன்றம் 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று கூறியது. பணி நிரந்தரத்தை 2021 தேர்தலில் வாக்குறுதியாக அளித்த கட்சிக்கு இவ்விரண்டு தீர்ப்புகளும் அப்போதே தெரிந்திருக்கும்.

நிரந்தரம் தள்ளிப்போகட்டும். மலைப்பகுதிகளில் பணியாற்றும் நிரந்தர ஊழியர்களுக்கு மலைப்படி என்ற ஒன்றை அரசு வழங்குகிறது. மலை எல்லாருக்கும் ஒரே உயரம்தான். பகுதி நேர ஆசிரியருக்குப் பயணப்படி, பேருந்து நேரத்தை ஒட்டி மூன்று அரை நாள்களை ஒன்றரை முழு நாளாக மாற்றிக்கொள்ளும் அனுமதி ஆகியவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கடைசியாகச் சொன்னதற்குக் காசும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.