சாலை விபத்தும் இழப்பீடும்: மருத்துவமனையில் தொடங்கும் வழக்கு

சாலை விபத்தில் காயமுற்றவரை அழைத்துவரும் குடும்பத்தார் முதல் நாளில் எங்களிடம் கேட்பது, உயிருக்கு ஆபத்து இல்லையே என்பது. சில நாள்களுக்குப் பின் கேட்பது, எப்போது வேலைக்குப் போகலாம் என்பது. இழப்பீடு பற்றிய கேள்வி பெரும்பாலும் பல மாதங்கள் கழித்து, கையிருப்பு கரைந்து கடன் சேர்ந்த பின்னரே வருகிறது. ஆனால், அந்த வழக்கைத் தாங்கி நிற்கும் ஆவணங்கள் மருத்துவமனையில் முதல் நாளிலிருந்தே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே, சட்டத்தைப் பற்றி ஒரு மருத்துவர் சொல்ல வேண்டிய சில செய்திகள் உள்ளன.

முதல் பதிவின் முக்கியத்துவம்

அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்று உண்டு. விபத்து எங்கே, எந்நேரத்தில், எவ்வாறு நேர்ந்தது, எந்த வாகனம் மோதியது, அழைத்துவந்தவர் யார் என்பவை அதில் குறிக்கப்படும். காவல்துறையின் முதல் தகவல் அறிக்கைக்கும் பின்னர் வழங்கப்படும் காயச் சான்றிதழுக்கும் இதுவே அடிப்படை.

மோதிய வாகனத்தின் உரிமையாளர், “செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், வழக்கு வேண்டாம்” என்று வேண்டுவதுண்டு. குடும்பத்தாரும் அதற்கு இசைந்து, “வண்டியிலிருந்து தவறி விழுந்துவிட்டார்” என்று எழுதச் சொல்கின்றனர். இரண்டாம் அறுவை சிகிச்சை தேவைப்படும்போது உரிமையாளரின் கைபேசி அணைந்திருக்கும். அதன்பின் உண்மையைச் சொன்னாலும், முதல் நாள் பதிவைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமுண்டு. எழுதிய பதிவை விருப்பம்போல் மாற்ற மருத்துவரால் இயலாது, மாற்றவும் கூடாது. நடந்ததை நடந்தவாறே முதல் நாளே சொல்வதுதான் பாதுகாப்பு. மோதாத வாகனத்தை மோதியதாகக் கூறுவது குற்றமாகும் என்பதையும் நினைவில் கொள்க.

காயமுற்றவரை நல்லெண்ணத்தோடு அழைத்துவரும் வழிப்போக்கர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

ஆறு மாதக் கணக்கு

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 166ஆம் பிரிவின்படி, காயமுற்றவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். 2019இல் செய்யப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இதற்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் காலக்கெடு விதித்துள்ளது.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். எலும்பு முறிவில் நிரந்தர ஊனம் எவ்வளவு என்பதைச் சிகிச்சை முடிந்து, இயன்முறைப் பயிற்சியும் நிறைவுற்ற பின்னரே மதிப்பிட முடியும். அதற்கு ஆறு மாதத்திற்கு மேலும் ஆகலாம். “பிளேட் எடுத்த பிறகு வழக்குப் போடலாம்” என்று காத்திருப்பவர் காலக்கெடுவைத் தவறவிடுகிறார். மனுவை முதலில் அளித்துவிட்டு, ஊன மதிப்பீட்டைப் பின்னர்ச் சேர்க்கலாம். ஆறு மாதம் கடந்துவிட்டிருந்தாலும், இனி வழியில்லை என்று தாமே முடிவுசெய்யாமல் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் அளிக்க வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் பகுதியிலும் அளிக்கலாம். கட்டட வேலைக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் கேரளம் செல்லும் நம் மாவட்டத்தாருக்கு இது பெரிய உதவி. திருவனந்தபுரத்தில் விபத்து நேர்ந்தாலும், இரணியலில் வசிப்பவர் நம் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

சதவீதம் எதைச் சொல்கிறது?

ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதமே இழப்பீட்டின் அளவு என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவுபடுத்தியது. உடல் ஊனத்தின் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தீர்ப்பாயம் முடிவுசெய்ய வேண்டும். இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருவாய்த் திறன் ஏறத்தாழ முழுவதுமே போய்விடலாம். அவரே பணியில் தொடரும் அரசு எழுத்தராக இருந்தால் இழப்பு அவ்வளவு இராது என்று அத்தீர்ப்பு விளக்குகிறது.

நம் ஊர்த் தொழில்களை எண்ணிப் பாருங்கள். கணுக்கால் முறிந்து மூட்டு இறுகிப்போனால், மேசைமுன் அமர்ந்து வேலை செய்பவர் சிறு சிரமத்தோடு பணியைத் தொடரலாம். விடியுமுன் எழுந்து மேடுபள்ளமான தோட்டத்தில் மரம் மரமாக நடந்து ரப்பர் பால் வெட்டுபவரால் அது இயலாது. சாரத்தில் ஏறும் கொத்தனார், தென்னை ஏறுபவர், அலையில் வள்ளத்தைத் தள்ளும் மீனவர் ஆகியோருக்கும் அதே நிலைதான்.

இதைக் கணக்கில் பார்க்கலாம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய 38 வயதுத் தொழிலாளி ஒருவர் என்று கொள்வோம். சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கல் எண் 15. உடல் ஊனமான 15 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எதிர்கால வருவாய் இழப்பு 4,05,000 ரூபாய். வருவாய்த் திறன் 40 சதவீதம் குறைந்ததாகத் தீர்ப்பாயம் கண்டால் அதே இழப்பு 10,80,000 ரூபாய். உடலின் காயம் ஒன்றே. வேறுபாடு தொழிலால் வருகிறது.

ஆகவே, “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டால், “கூலி” என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். என்ன தூக்குகிறீர்கள், எதில் ஏறுகிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று விரிவாகச் சொல்லுங்கள்.

தலைக்காயம் உற்றவர்களின் குடும்பத்தாருக்குத் தனியாக ஒரு சொல். வீடு திரும்பும்போது நலமாகத் தோன்றுபவரிடம் மறதி, கடுஞ்சினம், மணம் அறியாமை, கணக்கில் தடுமாற்றம் ஆகியவை பின்னர்த் தெரியவரலாம். இவை எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. தேதியிட்டுக் குறித்துவைத்து, மறுபரிசோதனையில் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பில் இல்லாத குறைபாட்டை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம்.

மனுவுக்கு வேண்டியவை

முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் மற்றும் எக்ஸ்ரே படங்கள், மருந்து ரசீதுகள், மருத்துவமனைக்கு வந்துபோன வாகனச் செலவுச் சீட்டுகள், வருவாய்க்கான சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். உடனிருந்து பார்த்துக்கொண்டவர் இழந்த கூலியும், சத்துணவுச் செலவும், எதிர்காலச் சிகிச்சையும், பட்ட வலியும் இழப்பீட்டில் அடங்கும். அரசுத் திட்டத்தின்கீழ் சிகிச்சை இலவசமாக முடிந்திருந்தாலும், வருவாய் இழப்புக்கும் ஊனத்துக்கும் இழப்பீடு கோரலாம்.

தவறு யாருடையது என்று நிறுவாமலே, கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் பெற 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. எலும்பு முறிவும் சட்டப்படி கொடுங்காயமே. ஆனால், 149ஆம் பிரிவின் நடைமுறைப்படி இத்தொகையை ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவு மனு அற்றுப்போகும். எனவே, காப்பீட்டு நிறுவனம் நீட்டும் தாளில் வழக்கறிஞரைக் கேளாமல் கையெழுத்திட வேண்டாம். மோதிவிட்டு நில்லாமல் போன வாகனம் எதுவென்று தெரியாவிட்டாலும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் பெறத் தனித் திட்டம் உள்ளது.

யாரை அணுகுவது?

வார்டுக்கே வந்து, “வழக்கை நாங்கள் நடத்துகிறோம், கிடைப்பதில் பங்கு தாருங்கள்” என்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வழக்கறிஞர்கள் வழக்குத் தேடி ஆள் பிடிப்பதையும், இழப்பீட்டில் பங்கு பேசுவதையும் இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடைசெய்கின்றன. வெற்றுத் தாளில் கைரேகையோ கையெழுத்தோ இடாதீர்கள்.

வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியலினத்தார், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டல் கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகவும் முடிக்கலாம். அங்கு பேசப்படும் தொகையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. தீர்ப்பாயம் வழங்கிய தொகை போதாதெனில், 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம்.

இழப்பீடு கேட்பதைப் பேராசை என்று கருதிக் கூச வேண்டாம். ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இத்தகைய நாளுக்காகவே. அத்தொகை கைக்கு வந்தால் இயன்முறைப் பயிற்சி பாதியில் நிற்காது. பிள்ளைகளின் படிப்பும் நிற்காது. அதற்கு முதல் நாளே உண்மையைச் சொல்லுங்கள், ஆவணங்களைக் காத்துவையுங்கள், ஆறு மாதம் முடியும் நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.