தெரியாத சொல்லைத் தாண்டிப் போகலாமா?

சேற்றுழவு செய்து, முளைகட்டிய நெல்லை நேரடியாக விதைத்த விவசாயி ஒருவர், நான்காம் நாள் களைக்கொல்லி தெளித்தார். அண்டை வயல்காரர் நடவு வயலில் போட்டு நல்ல பலன் கண்ட அதே மருந்துதான். பெயர் பிரிடிலாகுளோர். பத்து நாட்களில் களையும் இல்லை, பயிரில் பாதியும் இல்லை. தப்பிப் பிழைத்த நாற்றுகளும் இலை சுருண்டு குட்டையாக நின்றன. காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "போலி மருந்துங்களா ஐயா?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

மருந்து போலியல்ல. பிரிடிலாகுளோர் இரண்டு விதமாக விற்பனைக்கு வருகிறது. 50 ஈ.சி. என்று இருப்பது நடவு வயலுக்கு உரியது. 30.7 ஈ.சி. என்று இருப்பதில் 'சேப்னர்' என்ற பொருளும் சேர்ந்திருக்கும். சேற்றில் நேரடியாக விதைத்த நெல்லுக்கு இதைத்தான் தெளிக்க வேண்டும். இம்மருந்து முளைக்கும் நிலையில் உள்ள செடியைத் தாக்குவது. நடவு வயலில் நாற்று வேரும் இலையும் விட்டு வளர்ந்திருக்கும். களை மட்டுமே முளைக்கும் நிலையில் இருக்கும். நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே சமயத்தில் முளைக்கின்றன. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். நெல் முளை அம்மருந்தைத் தனக்குள்ளேயே விரைவாகச் சிதைத்துக்கொள்ள உதவுவதே சேப்னரின் வேலை. பயிர்க் காப்புப் பொருள் என்று தமிழில் சொல்லலாம். அது இல்லாத புட்டியை அவர் வாங்கியிருந்தார்.

அவர் படிக்காதவர் அல்லர். நாள்தோறும் செய்தித்தாள் வாசிப்பவர். பெட்டிக்குள் இருந்த மடித்த துண்டுச்சீட்டையும் படித்துப் பார்த்திருக்கிறார். "நடவு நெல்" என்று அதில் இருந்ததை நெல் என்று எடுத்துக்கொண்டார். எண்ணும் எழுத்தும் புரியவில்லை, தாண்டிவிட்டார்.

கதையும் செய்தியும் வாசிக்கும்போது இந்தப் பழக்கத்தில் தவறில்லை. ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் நின்றுகொண்டிருந்தால் வாசிப்பு நகராது. நானும் தாண்டித்தான் படிக்கிறேன். முன்னும் பின்னும் வரும் வாக்கியங்கள் பொருளை விளக்கிவிடும். ஆனால் மருந்துச் சீட்டிலும், மண் பரிசோதனை அட்டையிலும், விதைப் பையின் அட்டையிலும் பெரும்பாலும் வாக்கியங்களே கிடையாது. அங்கே ஒரு சொல் விட்டுப் போனால் அதைத் தூக்கி நிறுத்த வேறு சொல் இல்லை.

எதைத் தாண்டலாம், எதில் நிற்க வேண்டும்?

சீட்டிலுள்ள எல்லாச் சொற்களையும் கற்க வேண்டியதில்லை. ஒரு முழ நீளத்திற்கு வரும் இரசாயனப் பெயரையும், கரைப்பான், பால்மமாக்கி என்ற துணைப் பொருள்களையும் விட்டுவிடலாம். எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல், பயிரின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் சொல், விஷக் குறியின் அருகே உள்ள சொல் ஆகிய இந்த மூன்றையும் மட்டும் புரியாமல் விடக்கூடாது.

பருத்தியில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தை எடுத்துக்கொள்வோம். எஸ்.எல். என்றால் நீரில் தெளிவாகக் கரையும் திரவம். 17.8 என்பது அதில் உள்ள வீரியப் பொருளின் சதவிகிதம். உள்ளே இருக்கும் அட்டவணையில் ஒரு கட்டத்தில் 20 முதல் 25 என்றும், அடுத்த கட்டத்தில் 100 முதல் 125 என்றும், அதற்கடுத்து 500 முதல் 700 என்றும் இருக்கும். முதலாவது வீரியப் பொருள், கிராம் கணக்கில். இரண்டாவதுதான் புட்டியிலிருந்து நாம் அளந்து ஊற்ற வேண்டிய மருந்து, மில்லி கணக்கில். மூன்றாவது தண்ணீர், லிட்டரில். முதல் எண்ணையே மருந்தின் அளவு என்று கொண்டால் ஐந்தில் ஒரு பங்குதான் வயலுக்குப் போகும். பூச்சி சாகாது, மருந்தின் மேல் பழி விழும்.

அதைவிடப் பெரிய பிழை அட்டவணையின் தலைப்பில் இருக்கிறது. இந்த அளவெல்லாம் எக்டருக்கு. ஓர் எக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நம்மவர் மனத்தில் நிலம் என்றால் ஏக்கர்தான். 100 மில்லியை ஓர் ஏக்கருக்கு அடித்தால் இரண்டரை மடங்கு ஆகிறது. ஏக்கருக்குச் சரியாக வருவது 40 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். பத்து லிட்டர் தெளிப்பான் என்றால் இருபது டாங்கு, டாங்குக்கு 2 மில்லி. இந்தக் கணக்கை மருந்துப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

கடைசிக் கட்டத்தில் உள்ள எண், காத்திருக்கும் நாட்கள். தெளித்ததற்கும் அறுவடைக்கும் இடையே அத்தனை நாள் கழிய வேண்டும் என்று பொருள். இமிடாகுளோபிரிட் சீட்டில் பருத்திக்கு இது 40 நாள். மருந்து அத்தனை நாள் வேலை செய்யும் என்று சிலர் இதைப் படித்துக்கொள்கிறார்கள்.

மண் பரிசோதனை அட்டையோடு வந்த ஓர் இளைஞர், "என் மண்ணில் ஈ.சி. மருந்து 0.4 இருக்கிறதே, நான் தெளிக்கவே இல்லையே" என்று கவலையோடு கேட்டார். மருந்துப் புட்டியில் ஈ.சி. என்றால், நீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் எண்ணெய்க் கரைசல். மண் அட்டையில் அதே இரண்டெழுத்து, மண்ணில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின் கடத்தும் திறன். 0.4 என்பது நல்ல மண், கவலைக்கு இடமில்லை. ஆகவே ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கும்போது அது எந்தச் சீட்டில், எந்த எண்ணோடு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டபிள்யூ.பி. என்றால் நனையும் தூள். ஜி. அல்லது ஜி.ஆர். என்றால் குருணை, அதை மணலோடு கலந்து தூவ வேண்டுமேயன்றி, நீரில் கரைத்துத் தெளிக்கவே கூடாது.

எங்கள் தவறும் உண்டு

ஆங்கிலச் சொற்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தமிழில் நாங்கள் ஆக்கித் தந்த சொற்களும் விவசாயிகளைச் சங்கடப்படுத்துகின்றன. "பொருளாதாரச் சேதநிலை வந்தபின் மருந்து தெளிக்கவும்" என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் நானே எழுதியிருந்தேன். பயிற்சி முகாமில் ஓர் அம்மாள் எழுந்து, "சேதமானப்புறம் மருந்து எதுக்குங்க?" என்றார். கூட்டம் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்த இரண்டு சொற்களைச் சேர்த்துப் பார்த்து அவர் நியாயமாகவே பொருள் கொண்டிருந்தார். முற்றிலும் தெரியாத சொல்லென்றால் யாரிடமாவது கேட்போம். தெரிந்தது போலிருக்கும் சொல்லில்தான் ஏமாறுகிறோம். இந்தப் பூச்சி எண்ணிக்கையைத் தாண்டினால் மருந்துச் செலவைவிட மகசூல் இழப்பு மிகும் என்பதே நான் சொல்ல வந்தது. நெல்லில் புகையான் என்றால் தூருக்கு ஒரு பூச்சி. அதைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அன்று முதல் அந்தச் சொல்லை விட்டுவிட்டு எண்ணிக்கையையே எழுதுகிறேன்.

புட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரே மருந்தின் உண்மைப் பெயர். ஒரே இமிடாகுளோபிரிட் பல வியாபாரப் பெயர்களில் வருகிறது. முதல் மருந்து கேட்கவில்லை என்று வேறு பெயரில் அதையே வாங்கி மீண்டும் அடித்தால் பணம் போவதோடு, பூச்சிக்கும் எதிர்ப்புத் திறன் வளர்கிறது.

பொருள் கேட்க எங்கே போவது? வீட்டில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத் தருவான். ஒலி கிடைக்கும், பொருள் கிடைப்பது அரிது. சாதாரண அகராதியில் சேப்னர் போன்ற சொல் இராது. கைப்பேசி தரும் மொழிபெயர்ப்பை ஒரு தடயமாக மட்டும் கொள்ளலாம். அதை நம்பி அளவை முடிவு செய்யாதீர்கள். வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ, வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ சீட்டையே காட்டிக் கேளுங்கள். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்போது பொதுப்பெயர், எண், அதன் பின்னுள்ள எழுத்து, பயிர், விதைப்பா நடவா என்ற ஐந்தையும் சொல்லுங்கள்.

விஷக் குறியின் அருகே உள்ள சொற்களை மட்டும் வீட்டில் எல்லோரும் இன்றே தெரிந்துகொள்ள வேண்டும். சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். பச்சையும் விஷமே. "குறிப்பிட்ட மாற்று மருந்து இல்லை" என்று சில சீட்டுகளில் காணப்படும். அதைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயும் பயனில்லை என்று யாரும் கைவிட்டுவிடக் கூடாது. அந்த விஷத்திற்கென்று தனி மருந்து இல்லை, அறிகுறிகளைப் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும் என்று டாக்டருக்குச் சொல்லும் வாசகம் அது. உடனே கொண்டுபோக வேண்டும். போகும்போது புட்டியையும், கிழியாத சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.