கதை வளர்க்கும் கலை

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனின் பெயர்தான் தமிழ் மக்களுக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அந்தக் கோட்டையை 1677-ல் சிவாஜி மகாராஜா கைப்பற்றினார். பிறகு மொகலாய சேனையின் முற்றுகையை மராட்டியர்கள் ஏறக்குறைய எட்டு வருஷம் அங்கே எதிர்த்து நின்றனர். தேசிங்கு ஆண்டதோ ஒரு வருஷம்கூட இல்லை. 1714-ல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது அவன் மாண்டான். ஆயினும் ஜனங்களின் நாவில் நிலைத்தவன் அவனே. அவனைப் பற்றிய கதைப்பாட்டு செய்த வேலை அது! 2025-ல் இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதற்கு வெகு காலம் முன்பே கதை அதற்குக் கீர்த்தி தேடிக் கொடுத்து விட்டது.

கல்லால் கட்டிய கோட்டைக்கே கதையின் துணை வேண்டுமென்றால், வெறும் மண்ணால் செய்த உருவத்துக்குச் சொல்லவும் வேண்டுமா?

செஞ்சிச் சீமை திரௌபதியம்மன் வழிபாட்டுக்குப் பேர்போனது. அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலே ஆதிக் கோயில் என்று பக்தர்கள் கருதுகின்றனர். இப்பக்கத்து ஊர்களில் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையே பாரத உற்சவம் நடைபெறும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார், இரவில் தெருக்கூத்து. போர் முடியும் நாளில் படுகளம். அன்று ஊர் வெளியில், மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் உருவத்தை மண்ணைக் குவித்துச் செய்து வண்ணம் தீட்டுகிறார்கள். அது முப்பது நாற்பது அடி நீளம் இருப்பதுண்டு.

அதை அமைப்பவர் தம் இஷ்டப்படி அமைத்துவிட முடியாது. துரியோதனன் விழுந்து கிடக்க வேண்டும். ஆனால் செருக்குக் குறையக் கூடாது. ஆகவே மீசையும் விழியும் வானத்தை முறைக்கின்றன. பீமன் அடிக்க வேண்டிய இடம் தொடை. ஆகவே அங்கே செந்நீர்ப் பாத்திரத்தைப் புதைத்து வைக்கிறார்கள். கூத்தர்கள் சுற்றி ஓடப் போகிறார்கள். ஆகவே நாற்புறமிருந்தும் பார்க்கத் தக்கதாக உருவம் இருக்க வேண்டும். அளவும் அமைப்பும் பாவமும் கதையிட்ட கட்டளைகளே.

வியாசர் சொல்லாததையும் ஊர்க் கதை சொல்கிறது. அம்மனின் காவலனான போத்துராஜனின் கையில் வெட்டுண்ட தலை ஒன்று இருக்கும். அது எவருடையது என்று அறிய ஊர்க் கதையைத்தான் கேட்க வேண்டும். முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரரும் அம்மனுக்குக் காவல் நிற்கிறார். மத பேதம் பாராட்டாமல் அவருக்கு அங்கே இடம் கொடுத்ததும் அந்தக் கதையே அல்லவா?

கலைஞனுக்கு ரசிகர்களைச் சேர்த்துத் தருவதும் கதைதான். சபையில் திரௌபதி பட்ட அவமானத்தையும், அவள் கூந்தலை விரித்தபடி செய்த சபதத்தையும் நாள் கணக்காகக் கேட்டவர்கள் படுகளத்தில் வந்து நிற்கிறார்கள். தொடையில் அடி விழுந்து, அம்மன் கூந்தல் முடிக்கும்போது அவர்களுக்கு மெய் சிலிர்க்கிறது. கதை கேளாதவனுக்கு அது வர்ணம் பூசிய மண்மேடு. கேட்டவனுக்கு அதுவே குருக்ஷேத்திரம்! 1894-ல் அச்சுக்கூடம் நிறுவிய ரவிவர்மாவின் படங்கள் தேசமெங்கும் பரவியதற்கும் இதுவே ஒரு முக்கிய காரணம். சகுந்தலையும் தமயந்தியும் யார் என்று எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ரவிவர்மாவின் படங்கள் சுவரில் நிலைத்தன. படுகளத்து உருவத்துக்கு ஆயுள் ஒரு நாள். உற்சவம் முடிந்ததும் அதன் மண்ணை மங்களப் பொருளாக ஜனங்கள் அள்ளிச் செல்கிறார்கள். எந்தக் காட்சிசாலையும் அதைப் பாதுகாக்க இயலாது. செய்தவரின் பெயரும் அதில் பொறிக்கப்படுவதில்லை. அடுத்த உற்சவத்தில் பிரசங்கியார் கதையை ஆரம்பித்தால்தான் அந்தக் கைகளுக்கு மறுபடி வேலை உண்டு. அழிக்கச் சொல்லும் கதையே மீண்டும் படைக்கவும் சொல்கிறது.

ஆதலால், கதையைச் சுருக்கிவிட்டுப் படுகளத்தை மட்டும் வேடிக்கையாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது வேரை வெட்டிவிட்டுப் பூவுக்கு நீர் வார்ப்பது போலாகும். கலைஞர்களைப் போற்ற விரும்புவோர் முதலில் பிரசங்கப் பந்தலில் போய் உட்கார வேண்டும். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். கேட்பதற்குச் செவி உள்ள வரையில், மண்ணைப் பிசைவதற்குக் கையும் இருக்கும்.