பங்குனி ஆமைக்கு இருட்டு வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினாவில் கால் வைக்க இடமிருக்காது. அதே சென்னையில், நள்ளிரவு தாண்டிய பிறகு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் கடலோரமாக நடந்து பாருங்கள். அலைச் சத்தம் தவிர வேறெதுவும் காதில் விழாது. பஜ்ஜிக் கடை இல்லை, பலூன் சுடும் கூட்டம் இல்லை. கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகள், குவித்துப் போட்ட வலைகள், மணல்மேட்டில் படர்ந்த அடும்பங்கொடி, அவ்வளவுதான். தை பிறந்ததிலிருந்து பங்குனி கழியும்வரை இந்தக் கரைக்குக் கடலிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள்.

இந்த வரவு இன்று நேற்றையது அல்ல. சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதைய மணல்மேடேறி, முட்டையிட்டு, மறைத்துப் புதைக்கும் காட்சி அகநானூற்றின் 160-ஆம் பாட்டிலேயே வருகிறது. பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். குஞ்சு பொரியும்வரை ஆண் ஆமை காவல் காக்கும் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. இயற்கையில் அப்படி நடப்பதில்லை. ஆண் ஆமை கூட்டுப் பக்கமே வராது, தாயும் மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்க்காது. ஆனாலும் அந்தக் காவல் வேலையைச் செய்ய இன்று ஆள் இருக்கிறது. சென்னை மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையின் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இந்தக் கரையில் இரவு இரவாக நடந்து கூடு தேடினார்கள். 1988-ல் மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். படிப்பு முடிந்து ஒரு செட் போனால் அடுத்த செட் வந்துவிடும். சம்பளம் கிடையாது. பரீட்சை நேரத்திலும் ராத்தூக்கம் கெட்டு நடக்கிறார்கள். இந்த நகரம் பெருமைப்பட வேண்டிய பிள்ளைகள் இவர்கள் என்பேன்.

வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப் போகிறார்கள். முதலில் நீலாங்கரையில் ஒரு சின்னப் பேச்சு. பிறகு பெசன்ட் நகர் நோக்கி ஆறேழு கிலோமீட்டர் மணலில் நடை. டார்ச் அடிக்கக் கூடாது, போன் வெளிச்சமும் கூடாது. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகிவிட்டால் நுரையின் வெளுப்பே போதும், வழி தெரியும். முன்னால் போகிற தன்னார்வலர் சட்டென்று நிற்பார். ஈர மணலிலிருந்து மேட்டை நோக்கி, டிராக்டர் டயர் ஏறிப்போனது போல ஒரு தடம். அது எங்கே முடிகிறதோ அங்கே மணல் கலைந்து கிடக்கும். மெல்லிய கம்பை இறக்கிப் பார்ப்பார். மற்ற இடங்களில் இறுகி நிற்கும் மணல், முட்டைக்குழிக்கு மேல் பொசுக்கென்று இளகும். பிறகு கையால் தோண்டுவார்கள். முழங்கை புதையும் ஆழத்தில், விரலுக்குப் பட்டதும் லேசாக அமுங்கும் வெள்ளை முட்டைகள். ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது கூட இருக்கும். கூட்டின் ஈர மணலோடு துணிப்பையில் எடுத்து, பெசன்ட் நகரில் மூங்கில் தட்டியடைத்த பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். நேரமானால் கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும்; அதன் பின் முட்டை புரண்டால் கரு செத்துவிடும்.

சில இரவுகளில் ஆமையையே பார்க்கலாம். சுமார் 40 கிலோ எடையை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க மேலேறும். பின் துடுப்புகளால் குழி பறிக்கும். ஒரு துடுப்பு மணலை அள்ளி வெளியே வைக்கும், மற்றது காத்திருந்து தன் முறைக்கு இறங்கும். தான் பறிப்பதை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. முட்டையிட்ட பிறகு உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, அடிவயிற்றால் மணலைத் தட்டித் தட்டி இறுக்கும். கண்ணிலிருந்து நீர் வடியும். உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது. ஆனாலும் கூட்டத்தில் நிற்கும் அம்மாக்கள் யாராவது "பாவம், வலிக்குது போல" என்று சொல்லாமல் இருப்பதில்லை.

முட்டையை ஏன் எடுக்க வேண்டும், போட்ட இடத்திலேயே விட்டால் என்ன? நியாயமான கேள்விதான். கூடு இருக்கும் இடத்திலேயே இருப்பதுதான் நல்லது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இடம் மாற்றுவது அதில் கை வைப்பதுதான். ஆனால் சென்னையில் வேறு வழி இல்லாமல் போய்விட்டது. நாய்கள் தோண்டிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து விளக்கு. 45 முதல் 60 நாளில் பொரியும் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைக் கிழித்து வெளியே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். ஆதிகாலத்திலிருந்து அந்த வெளிச்சம் கடல்மேல் விழுந்த வானத்து ஒளிதான். இன்று அது அடுக்குமாடியின் பால்கனி விளக்கு, சாலையோர உயர்கோபுர விளக்கு. கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டுக்கு ஓடுகிற குஞ்சு விடிவதற்குள் நாய்க்கோ, விடிந்ததும் காகத்துக்கோ இரையாகிவிடும், இல்லையென்றால் டயரில் நசுங்கும்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இரவு நடை சரிப்படாது. பொரிப்பு காலத்தில் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைக்குப் போங்கள். கூடைகளில் கொண்டுவந்து, அலைக்குச் சில அடி தள்ளி மணலில் இறக்கிவிடுவார்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம், கரும்சாம்பல் நிறம். கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி துடுப்படிக்கும். முதல் அலை புரட்டிப் பின்னுக்குத் தள்ளும். எழுந்து மறுபடி போகும். நான் பார்த்த மாலையில் ஒரு சிறுமி, "அண்ணா, அதைத் தூக்கித் தண்ணில விட்டுடவா?" என்று கெஞ்சினாள். "வேணாம் பாப்பா, அது தானே நடந்துதான் போகணும். நீ கயித்துக்கு இந்தப் பக்கம் நில்லு" என்றார் மாணவர். குஞ்சுகள் தாங்கள் பிறந்த கடற்பகுதியின் காந்தப்புலத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, வளர்ந்த பின் அதே பகுதிக்கு முட்டையிட வருகின்றன என்பது ஆய்வாளர்கள் கண்டது. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் அந்த வயதை எட்டும் என்று சொல்வார்கள்.

அப்படி எட்டியவற்றைத்தான் 2025 ஜனவரியில் இழந்தோம். சென்னையையொட்டிய கரைகளில் சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிய உடல்கள். இழுவலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்ததன் அடையாளம் அது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ஆமை வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டத்தை வலையில் பொருத்தலாம். பிடித்த மீனும் அதன் வழியாகப் போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15-ல்தான் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. அது மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வைத்த காலம். ஆமை கரைக்கு நெருங்கி வரும் தையிலும் மாசியிலும் கடல் முழுக்க வலைதான். படகுக்காரரின் நஷ்டத்துக்கு அரசு ஒரு வழி செய்து, அந்த 5 மைலை தை முதல் பங்குனி வரையிலான மூன்று மாதமாவது உண்மையாகவே காக்க வேண்டும். மாணவர்கள் கரையில் எத்தனை முட்டை காத்தாலும் கடலில் தாய் செத்தால் கணக்கு நேராகாது.

இரவு நடைக்குப் போக விரும்புகிறவர்கள் ஜனவரிக்குப் பிறகு மாணவர் அமைப்பின் அறிவிப்பைப் பார்த்து, பதிவு செய்துகொண்டு போங்கள். ஆமையைத் தொடாதீர்கள், முன்னால் போய் நிற்காதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. கொட்டிவாக்கத்திலும் திருவான்மியூரிலும் நீலாங்கரையிலும் கடலைப் பார்த்த வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜனவரி முதல் மே வரை, ராத்திரி பத்து மணிக்கு மேல் கடல் பக்கத்து விளக்கை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாவிட்டால் திரையை இழுத்து விடுங்கள்.