வீட்டுக்குள் ஒரு வெள்ளிப் பட்டறை

வெள்ளியை அறுத்து, அராவி, பற்றவைத்து நகையாக்கத் தனிக் கட்டடம் தேவையில்லை. ஒருவர் உட்கார்ந்து இரு பக்கமும் கை நீட்டும் அளவு இடம் போதும். தமிழ்நாட்டுப் பத்தர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ இருந்துதான் வேலை பார்த்தார்கள். உமியும் கரியும் போட்ட ஒரு சட்டி, வாயால் ஊதும் ஊதுகுழல், சிறு பட்டடை, அரங்கள், சாமணம், கம்பியச்சு, எதிரே ஒரு மரப்பலகை. பட்டறை என்பது ஏறக்குறைய அவ்வளவுதான். சேலத்தில் கொலுசு வேலையின் பல கட்டங்கள் இன்றும் வீடுகளில்தான் நடக்கின்றன.

பாசிமணி கோப்பதற்கும் பட்டுநூல் வளையல் சுற்றுவதற்கும் ஒரு மேசையும் சில டப்பாக்களும் போதும். அவற்றுக்கென்று இடம் ஒதுக்குவதில் பெரிய சிக்கல் எதுவுமில்லை. நெருப்பு வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. உலோக வேலைக்கு இடம் தேடுபவர்கள் பெரும்பாலும் கருவிப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்யவேண்டியவை மூன்று: வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நெருப்பு எங்கே எரியும், சிந்தும் உலோகம் எங்கே போய்ச் சேரும். இவை சரியாக அமைந்தால் நாலைந்து கருவிகளுடனேயே நல்ல வேலை செய்யலாம்.

முதலில் மேசை. சாதாரண எழுதுமேசையின் உயரம் சுமார் 75 செ.மீ. நகை வேலைக்கு அது தாழ்வு. மோதிரம் அராவும்போது கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு சாண் அல்லது சற்றுக் கூடுதலான தூரம்தான் இருக்கும். மேசை தாழ்ந்திருந்தால் கண் கீழே இறங்காது, முதுகுதான் வளையும். ஆகவே சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் மேசை விளிம்பு நெஞ்சுக்கு நேராக வரவேண்டும். நகைக்கென்றே செய்யப்படும் மேசைகள் 90 முதல் 100 செ.மீ. வரை உயரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டிலுள்ள பழைய மேசையின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தும் உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் அது ஆடக் கூடாது. ரம்பத்தின் இழை தலைமுடியைவிடச் சற்றே தடிமனானது. மேசை ஒருமுறை அசைந்தாலே முறிந்துவிடும். மேசையைச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிடுவது நல்லது. சம்மணமிட்டு உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தரையில் போடும் தாழ்ந்த பலகை எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

மேசை விளிம்பின் நடுவில், முன்பக்கம் வெட்டிய ஒரு மரநாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அறுப்பதும் அராவுவதும் அதன் மேல்தான் நடக்கும். அதில் அரம் பட்டுத் தேய்வது இயல்பு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பியப் பட்டறைகளில் மேசையின் முன்பக்கத்தை அரைவட்டமாக வெட்டி, அடியில் தோல் விரிப்பு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். மேலிருந்து உதிரும் அரப்பொடி முழுவதும் அதில் விழும். வீட்டில் அந்த வேலையை ஒரு இழுப்பறையோ மடியில் விரித்த கெட்டித் துணியோ செய்துவிடும்.

இந்தப் பொடி குப்பையல்ல, பணம். சேர்த்து வைத்து மூசையில் வெங்காரத்துடன் உருக்கினால் மறுபடி வெள்ளியாகக் கிடைக்கும். ஆனால் அது கலப்பில்லாமல் இருந்தால்தான். ஒரே தட்டில் பித்தளைப் பொடியும் வெள்ளிப் பொடியும் சேர்ந்துவிட்டால் பிறகு சுத்திகரிப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். எனவே உலோகத்துக்கு ஒரு தட்டு, முடிந்தால் தனி அரமும். ரம்பத்திலிருந்தும் அரத்திலிருந்தும் உதிரும் இரும்புத் துகளை ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிப் பொடியின் மேல் நகர்த்தி எடுத்துவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பயன்படும் ஈயப் பற்று நகை மேசைப் பக்கமே வரக் கூடாது. வெள்ளியோடு ஒட்டிய ஈயம் சூடேறியதும் வெள்ளியை அரித்துக் குழி விழச் செய்துவிடும்.

தரையும் கவனத்துக்குரியது. பல நிறப் புள்ளிகள் கொண்ட மொசைக் தரையில் விழுந்த வெள்ளித் துணுக்கைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரே நிறமுள்ள வழவழப்பான தரை வேண்டும். கம்பளமும் பாயும் இந்த மூலைக்கு ஆகாது. அவை துகளை விழுங்கும், தீயையும் பிடிக்கும்.

வெளிச்சத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. அறுப்பதற்கும் கல் பதிப்பதற்கும் நிழல் விழாத நல்ல வெளிச்சம் தேவை. வடக்குச் சன்னல் இதற்கு ஏற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதிக்கு அது உண்மை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், காலையிலும் மாலையிலும் அந்தச் சன்னல் வழியாகவும் வெயில் சரிந்து விழும். ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போதும். இரவு வேலைக்கு வளையும் கழுத்துள்ள எல்இடி விளக்கு ஒன்று வேண்டும்.

பற்றவைக்கும் இடத்துக்கோ இதற்கு நேர்மாறான தேவை. சுத்தியால் தட்டியும் வளைத்தும் விறைத்துப்போன வெள்ளியை மறுபடி இளக்க, அதை 600 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் வரை சூடேற்ற வேண்டும். அந்த நிலையில் உலோகம் மங்கிய சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பு அரையிருளில்தான் கண்ணுக்குத் தெரியும். பளிச்சென்ற விளக்கின் கீழ் சூடேற்றுபவருக்கு நிறம் தெரியாது. தெரியும்போது வெள்ளி உருகிக் குண்டாகியிருக்கும். சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் மீதி செம்பும் கலந்த நகை வெள்ளி அதற்கு முன்பே, 890 டிகிரி வாக்கில் முழுதும் உருகிவிடும். ஆகவே அறுக்கும் மேசை சன்னலோரமும், நெருப்பு மூலை அதற்குத் தள்ளி நிழலான பக்கமும் இருப்பதே நல்ல அமைப்பு. இடம் ஒன்றுதான் என்றால் நெருப்பு வேலையின்போது விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிடலாம்.

நெருப்பு மூலையில் அடியில் பீங்கான் ஓடு, அதன் மேல் தீச்செங்கல், அதற்கும் மேல் கரிக்கட்டி என்று அடுக்கலாம். பழைய பட்டறைகளில் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வேண்டாம். அதன் இழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தொடங்குபவருக்குக் கையடக்க பியூட்டேன் டார்ச் போதும், ஆனால் மோதிரம், தோடு அளவு வேலைக்கு மட்டுமே. உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஓரிடத்தில் காட்டிய சூடு உடனே பொருள் முழுவதும் பரவிவிடுவதால், முழுப் பொருளையும் சூடாக்கினால்தான் பற்று ஓடிப் பிடிக்கும். கனத்த வளையலுக்குச் சிறு டார்ச்சின் வலு பத்தாது. அங்கே எல்பிஜி தேவைப்படும். சமையலுக்கென்று வழங்கப்படும் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்த விதி அனுமதிக்காது. சிறிய 5 கிலோ சிலிண்டரைத் தனியே வாங்கிக்கொள்ளலாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அதனால் உயரத்தில் சன்னல் இருப்பது மட்டும் போதாது. கதவின் அடிவழியோ தாழ்ந்த திறப்போ இருக்கவேண்டும்.

இந்த ஊர் வெக்கையில் மின்விசிறி இல்லாமல் வேலை செய்யச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் பற்றவைக்கும்போது விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். அது சுடரைக் கலைக்கும், அரப்பொடியைப் பறக்கவிடும், தராசின் எண்ணையும் ஆடவைக்கும். அதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் விசிறி வேண்டும். அதுவும் தலைக்கு மேலே அல்ல, வேலைக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ. தலைக்கு மேல் இருந்தால் புகை முகத்தைத் தடவிக்கொண்டுதான் மேலே போகும்.

இந்தப் புகை விஷயத்தில் ஒரு பொருளை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. கேடிஎம் என்று நகைக்கடைகளில் பேர்பெற்ற பற்றில் இருப்பது காட்மியம். அது கொதிப்பது 767 டிகிரியில். பற்றவைக்கும் சூடும் ஏறக்குறைய அந்த அளவுதான் என்பதால், அது ஆவியாகிச் சுவாசத்தில் கலக்கிறது. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. வாங்கும்போதே காட்மியம் இல்லாத பற்று என்று கேட்டு வாங்கவேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசத்துக்கே இடமில்லை.

பற்றவைத்த நகை கறுத்து, வெங்காரம் கண்ணாடிபோல உறைந்திருக்கும். பழைய பத்தர்கள் நீர்த்த கந்தக அமிலத்திலும் புளி, படிகாரம் கரைத்த நீரிலும் போட்டெடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்துக் கழுவினார்கள். வீட்டுக்கு ஏற்றது வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலம். சற்று மெதுவாக வேலை செய்யும், ஆபத்து குறைவு. கந்தக அமிலம்தான் என்றால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றவேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். நகையை எடுக்கச் செம்பு இடுக்கி வேண்டும். இரும்புச் சாமணம் உள்ளே போனால் கரைசலில் ஏறியிருக்கும் செம்பு நகையின் மேல் சிவப்பாகப் படிந்துவிடும். இந்தப் பாத்திரம் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. பயன்படுத்தித் தீர்ந்த நீரைச் சமையல் சோடா போட்டு நுரை அடங்கும்வரை முறித்தாலும் அதில் செம்பு இருக்கும். செடிக்கும் சாக்கடைக்கும் அது நல்லதல்ல. வண்டலைத் தனியே சேர்த்து வைப்பதே முறை. அமில ஆவி அரங்களைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் இந்தச் சட்டி மேசையிலிருந்து எட்டவே இருக்கட்டும். கடலோர ஊர்களில் கருவிகளுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய்க் கையாவது தடவவேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் சண்டைக்கு வழிவகுப்பது சுத்திச் சத்தம். பட்டடையைப் புளியங்கட்டையில் பதித்து, அடியில் கனத்த ரப்பர் போட்டால் அதிர்வு பெருமளவு அடங்கும். மெருகு மோட்டார் வேறு வகை ஆபத்து. அதன் முன் முந்தானை, துப்பட்டா, அவிழ்த்த கூந்தல், கையுறை எதுவும் கூடாது. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு மெருகிடுவது விரலையே பறித்துவிடும்; பலகையில் பொருத்தித்தான் மெருகிடவேண்டும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். நெருப்பு வேலைக்குப் பருத்தி உடை. நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

கருவிகளை ஒரேயடியாக வாங்கத் தேவையில்லை. ரம்பச் சட்டமும் இழைகளும், தட்டை, அரைவட்ட, உருண்டை அரங்கள், இரண்டு குறடு, சாமணம், மோதிரக் கம்பி, சிறு சுத்தி, டார்ச், 0.01 கிராம் காட்டும் தராசு என்பது முதல் தொகுதி. ரோலிங் மெஷின் பிறகு வரலாம். அதுவரை தகடும் கம்பியும் அளவாகக் கடையில் கிடைக்கும். முடிந்த நகையை ரப்பர் வளையம் போட்டோ செய்தித்தாளில் சுற்றியோ வைத்தால் கந்தகம் பட்டுக் கறுக்கும். காற்றுப் புகாத சிறு பை நல்லது.

விற்பதானால் இரண்டு விதிகள் முக்கியம். எடை போட்டு விற்கும் தராசு எடையளவுத் துறையின் முத்திரை பெற்றிருக்க வேண்டும். நகையில் செய்தவரே அடிக்கும் 925 என்ற எண் அவருடைய வாக்குறுதி மட்டும்தான், ஹால்மார்க் ஆகாது. ஹால்மார்க் வேண்டுமென்றால் பிஐஎஸ் அமைப்பில் பதிவு செய்து, அது அங்கீகரித்த மையத்தில் நகையைச் சோதிக்கக் கொடுக்கவேண்டும். தங்கத்துக்கு இது 2021 ஜூன் முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாகி வருகிறது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குக் குறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு. வெள்ளிக்கு அது விருப்பத்தின் பேரில்தான்.