காற்று வழியா, கரண்ட் வயர் வழியா?



"நீ டிப்ளமோதானே படிக்கிறே, மாடிக்கும் நெட் வர்ற மாதிரி ஏதாவது பண்ணு" என்ற பேச்சை வீட்டில் கேட்காதவர் நம்மில் உண்டா? கீழே ஹாலில் ரௌட்டர், மாடி அறையில் கம்ப்யூட்டர். இரண்டையும் சேர்க்க ஒய்-ஃபையா, அல்லது வீட்டுக் கரண்ட் வயரையே கேபிளாக்கும் பவர்லைன் அடாப்டரா? நம் பேச்சை நம்பி வீட்டில் சில ஆயிரங்களைச் செலவழிப்பார்கள். எனவே பெட்டியில் போட்ட நம்பரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். சுவரையும் வயரிங்கையும் பார்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் என் கட்சி.

அந்த நம்பரின் கதை தெரியுமா? ‘ஏசி 1200’ என்ற ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் தள்ளிப் போட்டதுதான் 1200! பவர்லைன்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ‘500’ என்று போட்ட பல அடாப்டர்களில் கேபிள் செருகும் போர்ட்டே 100 மெகாபிட்தான். டேங்க் பெரிசா இருந்து என்ன, குழாய் அரை இன்ச்!

ஒய்-ஃபை நமக்குப் பழகியது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சோம்பேறி. 2.4 கொஞ்சம் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று; தெருவில் உள்ள அத்தனை ரௌட்டரும் அங்கேதான் முண்டியடிக்கும். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அதிர்வெண்ணில் வேலை செய்கிறது. இத்தனைக்கும் மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். சிவில் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கம்பிதான் எங்கள் வில்லன்.

பவர்லைன் புது மாயம் எதுவும் இல்லை. ட்ரான்ஸ்மிஷன் பேப்பரில் படித்த பி.எல்.சி.சி. ஞாபகம் இருக்கிறதா? ஹை டென்ஷன் லைன் மேலேயே கப்ளிங் கெபாசிட்டர் வழியாகப் பேச்சையும் ரிலே சிக்னலையும் ஏற்றுவார்கள்; அது சப்-ஸ்டேஷனுக்குள் ஓடிவிடாமல் வேவ் ட்ராப் தடுக்கும். அதன் குட்டித் தம்பிதான் இது. 2001-இல் வந்த ஹோம்ப்ளக் 1.0-க்கு 14 மெகாபிட். 2005-இல் வந்த ஹோம்ப்ளக் ஏ.வி.க்கு 200. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் மேல் 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையான சிக்னல் சவாரி செய்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்காமல் இருக்க, இரண்டு அடாப்டரிலும் பட்டனை அமுக்கி ஜோடி சேர்த்துவிட வேண்டும்.

ஆனால் வீட்டிலும் வேவ் ட்ராப் உண்டு, நாம்தான் கவனிப்பதில்லை. ஃபில்டர் வைத்த ஸ்பைக் கார்டில் அடாப்டரைச் செருகினால் சிக்னல் அதிலேயே செத்துப்போகும். நேராகச் சுவர் ப்ளக் பாயிண்டில்தான் செருக வேண்டும். மலிவு சார்ஜர், மிக்ஸி இவையெல்லாம் இரைச்சல் மன்னர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி ஃபேஸ். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு அடாப்டர் ஆர் ஃபேஸிலும் மற்றது பி ஃபேஸிலும் மாட்டினால் சிக்னல் கசிந்துதான் போய்ச் சேரும்.

மதுரையில் பெரியப்பா வீட்டில் இதை நேரில் பார்த்தேன். அக்கா மாடி அறையில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்குப் போன் பேசும் வேலை பார்க்கிறார். கைக்குழந்தை வேறு. "இன்னொரு தடவை குரல் கட்டானா ஆபீசுக்கே வரச் சொல்லிடுவாங்கடா தம்பி" என்றார். நான் நண்பனிடம் ஒரு ஜோடி அடாப்டரை இரவல் வாங்கிப் போனேன். முதலில் ஒய்-ஃபை: 8 மெகாபிட். போன் பேச அது போதுமே என்பீர்கள். ஆனால் ரௌட்டருக்குப் பிங் கொடுத்தால் 5 மில்லி செகண்ட், 300, அப்புறம் பதிலே இல்லை! குரலைக் கட் பண்ணுவது வேகக் குறைவு அல்ல, இந்தத் தள்ளாட்டம்தான். அடுத்து பவர்லைன்: மேஜைக்குப் பக்கத்துப் பாயிண்டில் 11. எதிர்ச் சுவர்ப் பாயிண்டில் மாட்டினேன், 70! பிங்கும் 4-ஐத் தாண்டவில்லை. அது ஹாலோடு சேர்ந்த ஃபேஸ். பெரியம்மா மிக்ஸி போட்டதும் 40-க்கு இறங்கியது, கட் ஆகவில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது. ரௌட்டர் இன்வெர்ட்டரில் உயிரோடு இருக்க, மாடி அடாப்டர் அணைந்துவிட்டது. பிறகு எலக்ட்ரீஷியனை வைத்து அந்த ஒரு பாயிண்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். அதன் பிறகே பெரியப்பா புது ஜோடி வாங்கினார்.

எந்தப் பாயிண்ட் எந்த ஃபேஸ் என்று பார்க்க மெயின் போர்டைத் திறந்து வீரம் காட்டாதீர்கள். தெருவில் ஒரு ஃபேஸ் போகும் நாளில் எந்தெந்தப் பாயிண்ட் சேர்ந்து செத்தது என்று குறித்து வைத்தாலே போதும். யாராவது ஃபேஸ் சேஞ்சரைத் திருப்பியிருந்தால் கணக்கு மாறும், அதையும் பாருங்கள்.

சொந்த வீடு, துளை போடலாம் என்றால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம். ஒரு கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாக ஓடி, இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் அதைத் திணிக்காதீர்கள், தனிப் பைப் போடுங்கள்.