இடுப்புத் தளக் கோளாறால் தோன்றும் மலச்சிக்கலும் அறுவை மருத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்
இடுப்புத் தளக் கோளாறுகளால் தோன்றும் மலச்சிக்கலுக்குரிய அறுவை முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. உடலமைப்பின் குறையை அறுவை சீர்செய்யும். தசையியக்கத்தின் பிழையைச் சீர்செய்யாது என்பது இதன் மையக்கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மலச்சிக்கல், இடுப்புத் தளம், மலக்குடல் இறக்கம், பயோஃபீட்பேக்

முன்னுரை
மலச்சிக்கல் அனைத்தும் குடலின் மந்தத்தால் வருவதன்று. மலம் மலக்குடல்வரை உரிய காலத்தில் வந்து சேர்ந்தும் வெளியேறாமல் தங்குவதுண்டு. நெடுநேரம் முக்குதல், முழுமையாகக் கழியாத உணர்வு, விரலால் அழுத்தி வெளியேற்ற நேர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். கூச்சத்தால் பலர் இவற்றை மருத்துவரிடம் கூறாமல் மலமிளக்கிகளையே நாடுகின்றனர்.

இருவகைக் காரணங்கள்
முதலாவது இயக்கப் பிழை. முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத் தளத் தசைகளும் ஆசனவாய்ச் சுருக்குத்தசையும் தளராமல் இறுகுகின்றன. இரண்டாவது அமைப்புக் குறை. பெண்களுக்கு மலக்குடலின் முன்சுவர் யோனிப் பக்கமாகப் புடைத்தல், மலக்குடல் தனக்குள்ளேயே மடிந்து செருகுதல், ஆசனவாய் வழியே வெளியிறங்குதல் ஆகியன இதில் அடங்கும். இருவகையும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் உண்டு. ஆசனவாய் அழுத்த அளவீடு, நீர் நிரப்பிய பலூனை வெளியேற்றும் சோதனை, மலங்கழிக்கும்போதே எடுக்கப்படும் எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. படம் ஆகியவை இவற்றைப் பிரித்தறிய உதவுகின்றன.

மருத்துவ முறைகள்
இயக்கப் பிழைக்கு முதன்மை மருத்துவம் பயோஃபீட்பேக் பயிற்சியே. தம் தசையின் செயலைத் திரையில் கண்டு, அதைத் தளர்த்த நோயாளி பழகுகிறார்.

புடைப்பு பெரிதாகி மலம் அதில் தேங்குமாயின், யோனி வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ அச்சுவரைத் தையலிட்டு வலுப்படுத்துவர்.

மலக்குடல் இறக்கத்திற்கு, மலக்குடலின் பின்புறத்தை விடுவித்து மேலே பொருத்தும் பழைய அறுவை நெடுங்காலம் செய்யப்பட்டது. இறக்கம் நீங்கினாலும் பலருக்கு மலச்சிக்கல் மிகுந்தது. பக்கவாட்டு நரம்புகள் சேதமுறுவது அதற்கொரு காரணமாகக் கருதப்படுகிறது. இக்குறையைத் தவிர்க்க, பெல்ஜியத்தின் லூவன் நகர அறுவை மருத்துவர்கள் முன்புறத்தை மட்டும் விடுவித்து, வலையொன்றால் திருவெலும்புடன் இணைக்கும் லேப்ராஸ்கோப்பி முறையின் நெடுங்கால விளைவுகளை 2004இல் வெளியிட்டனர். உட்செருகலுக்கும் இம்முறை பயன்படுகிறது. வலை அருகிலுள்ள உறுப்பை அரித்தல் இதன் அரிய, ஆயினும் கடுமையான சிக்கல்.

ஸ்டேப்ளர் கருவியால் மலக்குடலின் தளர்ந்த சுவரை ஆசனவாய் வழியே வெட்டியிணைப்பது மற்றொரு முறை. வலி, குருதிக்கசிவு, அடக்கவியலா மலவுந்துதல் ஆகியவை இதன்பின் நேரலாம்.

முடிவுரை
அறிகுறியற்ற பெண்களிடமும் சிறு புடைப்புகள் காணப்படுகின்றன. எனவே படத்தில் தெரியும் குறை ஒன்றே அறுவைக்குப் போதிய காரணமாகாது. இறுகும் தசையைப் பயிற்றுவிக்காமல் சுவரை மட்டும் தைத்தால் முக்குதல் தொடரும், குறையும் மீளக்கூடும். உணவு, மருந்து, பயிற்சி ஆகியவற்றின் பின்னரும் துன்பம் நீங்காதபோது, அத்துன்பத்திற்கும் கண்டறிந்த குறைக்கும் தொடர்பு உறுதியானால் அறுவையை நாடுவதே தக்கதாகும்.